மாசி இருட்டு

சேத்தியாத்தோப்பு. பூதங்குடிப் பக்கம், வீராணத்தின் வடகரை. விடிந்தால் அமாவாசை.

வண்டி விளக்கு அணைகிறது. கண்ணுக்கு ஒன்றுமில்லை.

முதலில் வருவது வாசனை. ஈர மண். பாசி. காற்று திரும்பும்போது, எங்கோ எரித்த கரும்புச் சோகை.

அப்புறம் சத்தம். கரையோரம் தவளை. தண்ணீருக்குள் ஒரு பறவை இடம் மாறி உட்காருகிறது.

வானம் கடைசியில்.

*

இருட்டுக்குக் கண் பழக அரை மணி ஆகிறது. கண்ணின் பாவை விரிவதற்குச் சில நொடி போதும். விழித்திரைக்குள் நடக்கும் வேலை மெதுவானது. அதை அவசரப்படுத்த வழியில்லை.

டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள், மேலே ஒரு ரப்பர் பேண்ட். மங்கின சிவப்பு மட்டும்தான் பழகிய கண்ணைக் கலைக்காது.

பேச்சு தானாகக் குறைகிறது.

*

உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே மிருகசீரிடமும் திருவாதிரையும். மேற்கே சாய்ந்து கார்த்திகை. எண்ணினால் ஆறு. பொறுத்துப் பார்த்தால் ஏழு. எட்டாவது இருக்கிற மாதிரியும் இருக்கிறது.

*

வடமேற்கில் நெய்வேலி.

வானத்தின் அடிப்பாகம் அங்கே வெளுத்திருக்கிறது. புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. சுரங்கத்தில் இரவு ஷிப்ட். மண்ணை வாரும் பெரிய சக்கரங்களுக்கு அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை.

1956இல் நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1962இல் முதல் மின்சாரம். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்து ஆளானார்கள். அதைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவி வயல்களில், பயிர் நிற்க நிற்க, சுரங்கத்துக்கான வாய்க்கால் வேலைக்கு மண் வாரப்பட்டது. அதுவும் இங்கிருந்து தூரமில்லை.

இரண்டும் ஒரே திசையில்.

*

அந்த வெளுப்புக்குள் இப்போது ஆண்ட்ரோமீடா இறங்குகிறது.

நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தென்படும் இன்னொரு பால்வெளி. இங்கே பைனாகுலர் வேண்டியிருக்கிறது. அதிலும் ஒரு மங்கல்தான், சற்றே நீண்டது. புறப்பட்டு 25 லட்சம் ஆண்டு ஆன ஒளி.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஒருகாலத்தில் காடு. அந்த இலைகள் வாங்கி வைத்த வெயிலுக்குச் சில கோடி ஆண்டு வயது. அது கொதிகலனில் எரிகிறது. கம்பியில் ஓடுகிறது. தெருவிளக்கில் ஏறி, மிச்சம் மேலே சிதறுகிறது.

மிகப் பழைய வெயில் ஒன்று, அதைவிட இளைய ஒளி ஒன்றின்மேல் படிகிறது.

பைனாகுலரில் இப்போது மங்கல் இல்லை.

*

மூன்று பேர்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, கேமராவோடு. சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், தானே செய்த தொலைநோக்கியோடு. மூன்றாவது ஆளிடம் ஒரு பரீட்சை அட்டையும் பென்சிலும்.

*

தம்பிக்குத் துருவ நட்சத்திரம் வேண்டும். கேமராவைச் சுமக்கும் மோட்டாரின் அச்சு அதை நோக்கி நிற்க வேண்டும். அப்போதுதான் வானம் திரும்பும் வேகத்தில் கேமராவும் திரும்பும். விண்மீன் புள்ளியாக விழும், கோடாக இழுபடாது.

இந்த ஊரில் துருவம் அடிவானிலிருந்து 11 பாகை உயரம்தான். ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. நேர் வடக்கு, வடலூர்ப் பக்கம். அங்கே புகையும் பனியும் வெளிச்சமும் கலந்து கிடக்கின்றன.

"தெரியலை சார்."

"வரும். இரு."

அவன் முழங்காலிட்டு, கழுத்தைச் சாய்த்து, அச்சுக்குள் இருக்கும் சிறு குழாய் வழியாகப் பார்க்கிறான். ரொம்ப நேரம் பார்க்கிறான். மூச்சு விடுவது கேட்கிறது.

*

தெற்கில் ஏரி.

லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் விளக்குகள் கொஞ்சம், தூரத்தில். மற்றதெல்லாம் தண்ணீர். தண்ணீருக்கு மேலே இருட்டு. அந்த இருட்டில் அகத்தியர்.

அகத்தியர் தண்ணீரிலும் இருக்கிறார். ஒரு மீன் துள்ளுகிறது. கொஞ்ச நேரம் இல்லை. மறுபடி இருக்கிறார்.

*

அட்டையில் வெள்ளைத்தாள். தாளில் ஒரு வட்டம், டம்ளரைக் கவிழ்த்து வரைந்தது. ஐபீஸில் தெரியும் வானம் முழுவதும் அந்த வட்டத்துக்குள்.

ஓரியன் நெபுலா.

முதலில் நடுவிலிருக்கும் நான்கு விண்மீன். நெருக்கமாக, ஒரு சின்னச் சரிவகத்தின் மூலைகளில். நான்கு புள்ளி வைக்கிறேன். பிரகாசமானதற்குப் பென்சிலை அழுத்தி ஒரு சுற்று. மங்கலானதற்கு நுனி தொட்டால் போதும்.

பிறகு சுற்றியிருப்பவை. அந்த விண்மீன் நடுவிலிருந்து எவ்வளவு தூரம்? வட்டத்தின் பாதியா, மூன்றில் ஒன்றா? எந்தப் பக்கம்? பார்க்கிறேன். தாளுக்கு வருகிறேன். மறந்துபோகிறது. மறுபடி பார்க்கிறேன்.

புள்ளிகள் எல்லாம் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் மேகம். பென்சில் முனையை அல்ல, பக்கவாட்டை வைத்து லேசாக உரசல். பிறகு விரலால் தேய்ப்பு. சிறகு விரிகிற பக்கம் கொஞ்சம் கூட. நான்கு புள்ளிக்கு அருகே இருட்டு வாய் ஒன்று திறந்திருக்கிறது. அங்கே தாளைத் தொடாமல் விடுகிறேன்.

வானத்தில் வெளிச்சம் உள்ள இடமெல்லாம் தாளில் கருப்பு. கைக்கு இது குழப்பமாக இல்லை.

*

நேராகப் பார்த்தால் மறைகிறது. சற்றே தள்ளிப் பார்த்தால் வருகிறது.

விழித்திரையின் நட்டநடுவில் மங்கின ஒளியை வாங்கும் செல்கள் இல்லை. அவை சுற்றிலும்தான் நெருங்கியிருக்கின்றன. மெல்லிய சிறகின் கடைசி நுனி கடைக்கண்ணில் மட்டும் தங்குகிறது.

பார்க்க ஆசைப்பட்டு நேராகத் திரும்பினால் போய்விடுகிறது.

*

பெரியவரின் தொலைநோக்கியில் மோட்டார் இல்லை. பூமி உருள, நெபுலா வட்டத்தின் ஓரத்துக்கு நகர்கிறது. இரண்டு நிமிடத்தில் வெளியே போய்விடும். குழாயில் விரலால் ஒரு சின்னத் தள்ளல். நடுவுக்கு வருகிறது. மறுபடி நகர்கிறது.

பூமியின் சுழற்சியை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் கண்டதில்லை.

*

ஊரில் ஒலிபெருக்கி. இன்று சிவராத்திரி. கோயில்களில் விழித்திருக்கிறார்கள். சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடந்துகொண்டிருக்கும்.

காற்று மாறுகிறது. ஒலி போகிறது. சலங்கை இவ்வளவு தூரம் எட்டாது. ஆனாலும் காது ஒருமுறை தேடுகிறது.

*

தம்பியின் கேமரா. 30 நொடி திறக்கிறது. மூடுகிறது. மறுபடி 30 நொடி. இப்படியே இரவெல்லாம்.

வீட்டுக்குப் போய்க் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். ஸ்டேக்கிங் என்கிறான். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது மேலும் தெளியும். ஒரு படத்தில் மட்டும் தற்செயலாக வந்த புள்ளி, கூட்டத்தில் கரைந்துபோகும். கேமராவின் சொந்த இரைச்சல் எல்லாம் அந்த வகை.

கண்ணுக்கு இந்தச் சேமிப்பு இல்லை. ஒளியை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வைத்திருக்கும். பிறகு கீழே விட்டுவிடும்.

ஆனாலும் பத்தாவது நிமிடத்தில் தெரிவது முதல் நிமிடத்தில் தெரியவில்லை. கண் சேர்த்து வைக்கவில்லை என்றால் அது எங்கே சேர்கிறது?

*

கேமராவில் நெபுலா இளஞ்சிவப்பு. ஹைட்ரஜனின் நிறம். கண்ணில் அது சாம்பல், கூர்ந்து பார்த்தால் ஒரு பச்சைச் சாயல். மங்கின ஒளியில் கண்ணுக்கு நிறம் பிடிபடாது.

தம்பி திரையைக் காட்டுகிறான், சிவப்புத்தாளை ஒட்டிய திரை. நிறம் எதுவும் தெரியாத நிலையில் நிறம் இருக்கிறது என்கிறான். உண்மைதான்.

எது மெய் என்று ஒரு கேள்வி எழுகிறது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது போகிறது.

*

1840இல் அமெரிக்காவில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படம் பிடித்தார். 1880 செப்டம்பர் 30 அன்று அவர் மகன் ஹென்றி, இதே நெபுலாவை. 51 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்தார். மருத்துவம் படித்தவர். வானம் ஆசைக்கு.

மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தில் ஆண்ட்ரு காமன். அவரும் தொழிலால் வானியலாளர் அல்லர், பொறியாளர். தன் வீட்டுத் தோட்டத்துத் தொலைநோக்கியில் தகட்டை வைத்தார். தகட்டைக் கழுவியபோது, அதுவரை எந்தக் கண்ணுக்கும் புலப்படாத விண்மீன்கள் அதில் இருந்தன.

அந்தக் கணத்தை அடிக்கடி நினைக்கிறேன். ரசாயனத் தட்டில், ஈரத்தில், ஒவ்வொன்றாக மேலே வந்திருக்கும்.

*

அதற்கும் முன்னால் கைதான்.

1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு ஒரு மங்கலைத் தாளில் இறக்கினார். அது சுழன்றிருந்தது. சுருள் வடிவத்தில் ஒரு மேகம் வானத்தில் இருக்கிறது என்று உலகம் முதலில் அறிந்தது அந்தப் பென்சில் படத்தில். அது இன்னொரு பால்வெளி என்று தெரிய, அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அவர் என்னவென்று தெரியாமல்தான் வரைந்தார். வளைவுகள் சரியாக இருந்தன.

*

கொடைக்கானலில் சூரியனின் கரும்புள்ளிகளைக் கையால் குறித்து வைத்த தாள்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்திருக்கின்றன. பக்கத்தில் கேமராவும் இருந்தது, கண்ணாடித் தகடுகளும் இருந்தன. வரைவதும் நடந்தது.

மேகம் மூடிய நாளுக்குத் தாள் இல்லை. இல்லாத தாள்களும் அந்தத் தொகுப்பில் சேர்த்திதான்.

*

பனி இறங்குகிறது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இங்கே மச்சு இல்லை.

தாள் நமுக்கிறது. பென்சில் வழுக்குகிறது. ஐபீஸின்மேல் மூச்சு பட்டுப் படலம். மூச்சை வேறுபக்கம் திருப்பி விடப் பழகியிருக்கிறது உடம்பு.

தம்பி லென்ஸைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டுகிறான். பவர் பேங்கிலிருந்து வரும் இளஞ்சூடு கண்ணாடியில் பனி பிடிக்காமல் காக்கிறது. பெரியவர் தன் கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டு உட்கார்கிறார்.

பிளாஸ்கில் டீ. மூடியில் ஊற்றிக் கைமாறுகிறது.

*

அந்தக் கண்ணாடி அவர் கையால் தேய்த்தது. 6 அங்குலம்.

கண்ணாடி வட்டுகள் இரண்டு. ஒன்று கீழே, அசையாமல். ஒன்று மேலே. நடுவில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும். முன்னே, பின்னே. கொஞ்சம் திருப்பல். முன்னே, பின்னே. தானும் ஓரடி நகர்ந்து, மேசையைச் சுற்றிச் சுற்றி.

மேல்வட்டு தானாகக் குழிகிறது. கீழ்வட்டு தானாகப் புடைக்கிறது. யாரும் எங்கும் தோண்டவில்லை. மேல்வட்டின் நடுவும் கீழ்வட்டின் ஓரமும் அதிகம் உரசுகின்றன, அவ்வளவே.

தூள் படிப்படியாகப் பொடிசாகிறது. சத்தம் மாறுகிறது. கரகர என்பது போய் உஸ் என்று ஆகிறது. சத்தத்தை வைத்தே தூள் தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம் என்கிறார். கன்வேயரின் உருளை கெட்டால் அதையும் சத்தத்தில்தான் கண்டுபிடிப்பாராம்.

கடைசியில் பிசின் பூசிய வட்டின்மேல் மெருகு. பரப்பின் பிழை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விரலால் அதை அறிய முடியாது. ஊசித்துளை வழியே வரும் ஒரு விளக்கு, சவரபிளேடு ஒன்று. கண்ணாடி திருப்பி அனுப்பும் ஒளியைப் பிளேடின் விளிம்பால் வெட்டினால், மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். பிரான்சில் ஃபூக்கோ 1858இல் சொன்ன முறை. இன்றைக்கும் சமையலறை மேசையில் அதுதான்.

பள்ளம் தெரிந்தால் மறுபடி முன்னே, பின்னே. அன்றைக்கு அதற்குமேல் தொடமாட்டாராம். கண்ணாடி கைச்சூட்டில் விரிந்திருக்கும். ஆறட்டும் என்று படுத்துவிடுவாராம்.

*

6 அங்குலம் என்றதும் ராதாகோவிந்த சந்திரா.

யசோர். இப்போது வங்கதேசம். அரசுக் கருவூலத்தில் வேலை, பகலெல்லாம் காசு. இரவில் வானம். 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் புதிதாக ஒரு விண்மீன் எரிந்ததை, யாரும் சொல்லாமல் தானே கண்டார்.

அதன்பிறகு மாறொளி விண்மீன்கள். பிரகாசம் ஏறி இறங்குபவை. பக்கத்திலிருக்கும் மாறாத இரண்டோடு ஒப்பிட வேண்டும். இதைவிடக் கொஞ்சம் மங்கல். அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு எண். தேதி. நேரம். அடுத்த விண்மீன்.

அமெரிக்காவிலிருக்கும் மாறொளி விண்மீன் பார்வையாளர் சங்கத்துக்கு அவர் அனுப்பியவை 37,000க்கும் மேல்.

அந்தச் சங்கம் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலில் அனுப்பி வைத்தது. முதுமையில் அவர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நைனிதாலில் வானியலாளர் வைணு பாப்புவிடம் போயிற்று. பிறகு காவலூர். ஜவ்வாது மலையில், இதே தமிழ்நாட்டில்.

இங்கிருந்து வடமேற்கே அந்த மலை. நெய்வேலி வெளிச்சத்துக்கு வெகுதூரம் பின்னால்.

*

நள்ளிரவுக்குப் பிறகு ஊர் அடங்கவில்லை. ஆனால் ஏரி அடங்கிவிட்டது.

எங்கும் நகராத நேரம் ஒன்று வருகிறது. கேமரா மட்டும் திறந்து மூடுகிறது.

மனம் வீட்டுக்குப் போகிறது. பால்காரர் பாக்கி. திரும்பி வருகிறது. நெபுலா மேற்கே போய்விட்டிருக்கிறது.

*

தெற்கில் லேசாக ஒரு படலம். மேகமா, ஆலைப் புகையா தெரியவில்லை. காத்திருக்க வேண்டும்.

லெ ஜான்தி என்ற பிரெஞ்சுக்காரர். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண 1760இல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வழியில் போர். ஊர் ஆங்கிலேயர் கையில். 1761இல் கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார். ஆட்டத்தில் எதையும் அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்து. ஊர் திரும்பவில்லை, இந்தப் பக்கமே இருந்துவிட்டார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில், மேகம். கடந்து முடிந்ததும் விலகியது.

அவர் கதையை எல்லோரும் மேகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளால் ஒரு சந்திர கிரகணத்தை முக்கால் மணி நேரத்தில் கணக்கிட்டுக் காட்டினார். 1765 ஆகஸ்ட் 30இன் கிரகணம். அது நீடித்த நேரத்தில் அவர் கணக்கு 41 நொடி குறைவு. ஐரோப்பாவில் டோபியாஸ் மேயரின் அட்டவணை தந்த விடை 68 நொடி கூடுதல்.

சோழியை நகர்த்திய கையின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

*

படலம் கலைகிறது. தானாக.

*

இரண்டே முக்கால்.

நேர் உச்சியில் ஒன்றும் இல்லை என்று தோன்றும் ஓர் இடம். சிம்மத்தின் வாலுக்குக் கிழக்கே. தம்பி கேமராவை அங்கே திருப்பியிருக்கிறான். கன்னிக் கூட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பால்வெளிகள். அவற்றின் ஒளி ஐந்து கோடி ஆண்டுக்குமேல் வந்துகொண்டிருந்தது, இந்த ஏரிக்கரையில் செங்குத்தாக விழுகிறது.

அவன் படத்தில் அவை சின்னச் சின்னப் பஞ்சாக வரும். பெரியவரின் ஐபீஸில் ஒன்றிரண்டு, இருக்கிறதா இல்லையா என்ற அளவில். வெறுங்கண்ணில், இருட்டு.

வெறுங்கண்ணால் அதையே கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

*

அதே நேரம் தெற்கில் திரிசங்கு நிமிர்ந்து நிற்கிறது. நான்கு விண்மீன், தண்ணீருக்கு மேலே. வடக்கே போகப்போக இது அடிவானத்தை நோக்கித் தாழும். வீராணக் கரைக்குத் தெற்கு வானம் கிடைத்திருக்கிறது.

1867இல் சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதேபோலத் தெற்கே தாழ்ந்த, ரெட்டிக்குலம் என்ற சிறு மண்டலத்தில் ஒரு மங்கல் விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டார். சென்னையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தைவிட்டு அதிகம் எழுவதே இல்லை. தாழ்ந்த வானத்தில் விண்மீன் நடுங்கும், மங்கும். அங்கே ஒன்று உண்மையாகவே மங்குகிறது என்று சொல்ல எத்தனை இரவு தன் கண்ணைத் தானே சோதித்திருப்பார்.

*

திரிசங்குக்குக் கிழக்கே, கொஞ்சம் மேலே, ஒமேகா சென்டாரி. கோலமாவு சிந்திய இடம் போல. ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்.

வரையப் போவதில்லை. ஒரு கோடிப் புள்ளிக்குப் பென்சில் இல்லை.

பிறகு வரைகிறேன். ஓரத்தில் தனித்தனியாகத் தெரிபவற்றை மட்டும். நடுவை விரலால் தேய்க்கிறேன். விரல் நுனி கருப்பாகிறது.

*

நான்கரை. கிழக்கே கேட்டை ஏறி வந்திருக்கிறது, சிவப்பாக. விருச்சிகத்தின் கொக்கி முழுதும் தெரிகிறது. பால்வீதி தென்கிழக்கில் சாய்ந்து நிற்கிறது. அதன் நடுவில் கருப்புத் தூசு பிளந்த இடங்கள். தம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கரையில் மல்லாந்து படுத்திருக்கிறான். கேமராவை அணைத்துவிட்டான்.

"எடுக்கலையா?"

"பாத்துட்டு எடுக்கிறேன் சார்."

*

பெரியவர் மறுபடி துண்டை எடுக்கிறார். இந்த நேரத்துக்காகத்தான் வந்திருக்கிறார். ஆல்ஃபா சென்டாரி நேர் தெற்கை நெருங்குகிறது. 18 பாகை உயரம். ஏரிக்கு மேலே ஒரு சாண்.

வெறுங்கண்ணுக்கு ஒன்று. ஐபீஸில் இரண்டு. ஒன்று மஞ்சள், மற்றது சற்றே ஆரஞ்சு. இரண்டும் நடுங்குகின்றன. காற்று அசையாத ஒரு நொடியில் இரண்டுக்கும் நடுவே சுத்தமான கருப்பு.

அந்தக் கருப்பை முதலில் கண்டது இந்தக் கடலோரத்தில்.

1689 டிசம்பர். புதுச்சேரி. ஜான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் விடியலுக்கு முன் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார். 12 அடி நீளத் தொலைநோக்கி. வால்நட்சத்திரத்தின் பக்கத்தில் தெரிந்த இந்த விண்மீனையும் பார்த்தார். இரண்டாக இருந்தது.

மார்கழியாக இருந்திருக்க வேண்டும். ஊரில் வாசல் தெளிக்கும் நேரம்.

*

நமக்கு மிக அருகிலிருக்கும் விண்மீன் குடும்பம் அதுதான். நான்கு ஒளியாண்டுக்குச் சற்று மேல். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 வருடம். ரிஷோ பார்த்த பிறகு நான்கு சுற்று முடிந்து ஐந்தாவது நடக்கிறது.

நான்கு சுற்று. இடையில் கம்பெனியார், பிரெஞ்சுக்காரர், பஞ்சங்கள், ரயில். நெய்வேலியில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது. அவை சுற்றிக்கொண்டிருந்தன.

*

பெரியவர் வரைகிறார். வட்டம். இரண்டு புள்ளி. வடக்கு எது, மேற்கு எது என்று ஓரத்தில் குறி. தேதி. 4.50. காற்று: சுமார். பனி: அதிகம். பெரிதாக்கம்: 120.

வேறொன்றும் வரைவதில்லை. பக்கத்தில் எவ்வளவோ இருக்கிறது.

பையிலிருந்து ஒரு கோப்பை எடுக்கிறார். பிளாஸ்டிக் உறைக்குள் பழைய தாள்கள். அதே வட்டம், அதே இரண்டு புள்ளி. சிவப்பு டார்ச்சில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கிறார். 2016 வாக்கில் வரைந்தவற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு கொஞ்சம் இடைவெளி. இன்றைய தாளில் தாராளமாக இடம். சுற்றுப்பாதையில் ஒன்று மற்றதன் பக்கமாகத் திரும்பிய கோணமும் மாறியிருக்கிறது.

எந்தத் தாளிலும் அசைவு இல்லை. வரிசையாகப் பார்த்தால் இருக்கிறது.

தம்பி எழுந்து வந்து குனிகிறான். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இதைக் கேமராவில் எடுக்க முடியாதா என்று கேட்கிறான். எடுக்கலாம், பிரகாசம் அதிகம், ரொம்பக் கொஞ்ச நேரம்தான் திறக்க வேண்டும் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறான். நூறில் ஒரு நொடி போதுமா என்று யோசிக்கிறான்.

*

கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. இது நெய்வேலி வெளுப்பு அல்ல.

சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆலைப் பக்கம் போகிறது. அதன் விளக்கு எல்லார் கண்ணிலும் படுகிறது. யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

பெரியவர் இன்றைய தாளைக் கோப்பில் சொருகுகிறார். கண் மதிப்பில் வைத்த இடைவெளி போதாது, உள்ளே அளவுகோடு போட்ட ஐபீஸ் ஒன்று வேண்டும் என்கிறார். சென்னையில் ஒரு கடையில் விலை விசாரித்திருக்கிறார். வரவழைக்க ஒரு மாதம் ஆகுமாம்.